கைப்பேசிக் கோபுரத்துக்கு அஞ்சலாமா?

மாணவர்களே! சேலம், நாமக்கல் பகுதிகளில் ஊருக்கு ஊர் கைப்பேசிக் கோபுரங்களைக் காண்கிறோம். இவற்றின் கதிர்வீச்சு புற்றுநோய் தருமா? சான்றுகளை எடைபோடுவோம்.

மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பெயர்க்கச் சுமார் 10 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஃபோட்டானில் இருப்பதோ ஏறத்தாழ 0.000004 மட்டுமே. ஆகவே, எக்ஸ் கதிர்போல் இது அயனிகளை உண்டாக்காது; செறிவு மிகுந்தால் திசுவைச் சூடாக்கும்.

2011-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை 2பி பிரிவில் வைத்தது. ஐயம் உண்டு, சான்று போதாது என்பதே இதன் பொருள். 2012-இல் இந்தியா, கோபுரக் கதிர்வீச்சின் வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 2024-இல் 63 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து நோக்கியபோது, கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு புலப்படவில்லை.

மற்றொன்று: கோபுரம் தொலைவில் இருந்தால், காதருகே உள்ள கைப்பேசி கூடுதல் திறனுடன் அலை பரப்பும். கோபுரத்தை விரட்டினால், தலை பெறும் கதிர்வீச்சு கூடவும் செய்யலாம்!