இரண்டே நாளில் யார்க்

கேள்வி: லண்டனில் முதுகலை படிக்கும் என் மகள், ஒரு சனி, ஞாயிறில் யார்க் நகரம் போய்வர ஆசைப்படுகிறாள். இரண்டு நாள் போதுமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகப் போதும். கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்தான். மாணவர்களுக்கான ரயில் கார்டு இருந்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

ரோமானியர்கள் கி.பி. 71-இல் அமைத்த ஊர் இது. கான்ஸ்டன்டைன் 306-இல் பேரரசராக அறிவிக்கப்பட்டது இங்கேதான். பின்னர் வைக்கிங்குகளும் ஆண்டார்கள்.

சனிக்கிழமையை யார்க் மின்ஸ்டர் பேராலயத்துக்கு ஒதுக்கட்டும். ஏனென்றால், ஞாயிறு காலையில் அங்கே வழிபாடு நடக்கும். கிழக்குச் சுவரின் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை ஜான் தார்ன்டன் 1405 முதல் 1408 வரை உருவாக்கினார். உலகின் தொடக்கமும் முடிவும் அதில் கட்டம் கட்டமாக விரிகின்றன. அண்ணாந்து பார்க்கக் கொஞ்சம் நேரம் வேண்டும், அவசரப்படக் கூடாது.

அடுத்து ஷாம்பிள்ஸ் தெரு. ஒருகாலத்தில் கசாப்புக் கடைகள் நிறைந்திருந்த சந்து அது. இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகளைச் சில கடை முகப்புகளில் இன்றும் காணலாம். மேல்மாடிகள் தெருவின் மேல் நீட்டிக்கொண்டு, எதிர்வீட்டைத் தொட்டுவிடுவதுபோல் நிற்கும்.

ஞாயிறு காலையில் கோட்டை மதில்மேல் நடக்கலாம். சுற்று மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், கட்டணம் கிடையாது. மதியம் ரயில்வே அருங்காட்சியகம், அதற்கும் நுழைவு இலவசம். 1938-இல் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி நீராவி எஞ்சின்களில் உலகச் சாதனை படைத்த ‘மல்லார்ட்’ அந்த அருங்காட்சியகத்தின் சொத்து. ரயில் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், பார்த்து முடித்ததும் மாலை வண்டியைப் பிடித்துவிடலாம்.