விரத காலத்தில் மூளைக்கு உணவு

சென்ற கந்தசஷ்டியில் எமது மாமி மண்டபத்திலே வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினார். பக்திப் பரவசம் என்றே நாம் எண்ணினோம். அவர் இன்சுலின் ஏற்றுபவர். அன்று தண்ணீர் மட்டுமே அருந்தியிருந்தார்.

உடல் நிறையில் மூளை ஏறத்தாழ 2 வீதமே. ஆனால் ஓய்விலுள்ள உடலின் சக்திச் செலவில் 20 வீதம் அதற்குரியது. கணக்கு எழுதும் எமக்கே இது வியப்பான செலவு! அதன் வழமையான உணவு குளுக்கோஸ். நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம். ஈரலின் சேமிப்பு ஏறக்குறைய ஒரு நாளில் தீரும். பின்னர் ஈரல், கொழுப்பிலிருந்து கீற்றோன்களை ஆக்கி மூளைக்கு அனுப்பும். நீண்ட பட்டினியில் மூளையின் பிரதான எரிபொருள் இதுவே என்பதை 1967இல் அமெரிக்காவில் ஓவன், காஹில் குழுவினர் காட்டினர்.

இன்சுலினோ குளுக்கோசைக் குறைப்பதோடு கீற்றோன் உற்பத்தியையும் தடுக்கும். மூளைக்கு இரு வழியும் அடைபடும்.

ஆகவே சலரோகமுள்ளோர் விரதத்திற்கு முன்பே வைத்தியரைக் கேளுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே. தடுமாறுபவருக்கு உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். மயங்கினால் வாயில் எதுவும் ஊற்றாது அம்புலன்சை அழையுங்கள்.

மாமி பிழைத்தார். இம்முறை அவர் வைத்தியரைக் கேட்டு, பாலும் பழமும் உண்டு விரதமிருப்பார்.