கொலைகாரனை முதலிலேயே காட்டிவிடுங்கள்

துப்பறியும் தொடர் எழுத வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் அமெரிக்கத் தொடரான 'கொலம்போ'வைப் பாருங்கள். 1968 முதல் 2003 வரை, நடுவில் பத்தாண்டுக்கு மேல் ஓய்வெடுத்தும், 69 கதைகள். அதை வைத்தே பேசுகிறேன்.

1. கொலைகாரன் யார் என்பதை ஒளித்துவைத்தே காலம் தள்ளாதீர்கள். இதில் கொலை தொடக்கத்திலேயே நம் கண்முன் நடந்துவிடும். ஆள் எப்படி மாட்டுவான் என்பதுதான் கதை. ஆஸ்டின் ஃப்ரீமன் 1912 வாக்கிலேயே சிறுகதைகளில் செய்துகாட்டிய வித்தை இது. முடிச்சு மட்டுமே உள்ள கதையை இரண்டாம் முறை யார் பார்ப்பார்கள்?

2. தடயம் குற்றவாளியின் குணத்திலிருந்து பிறக்கட்டும். 1973இல் வந்த ஒரு கதையில் நடிகர் டொனால்ட் பிளசன்ஸ் ஒயின் தயாரிப்பவர். ஆலையை விற்க நினைக்கும் தம்பியை அடித்துப்போட்டு, நிலவறையில் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு ஊருக்குப் போகிறார். தம்பி மூச்சுமுட்டிச் சாகிறான். அந்த வாரம் கடும் வெயில். பிறகொரு நாள் விருந்தில் துப்பறிவாளர் கொலம்போ தரும் ஒயினை ஒரு வாய் வைத்ததும், 'சூடுபட்டுக் கெட்டுப்போனது' என்று சீறுகிறார் மனிதர். அது அவர் நிலவறையிலிருந்தே எடுத்த புட்டி! எந்த நாக்கைப் பற்றி அவருக்கு அத்தனை கர்வமோ, அந்த நாக்கே சாட்சி சொல்லிவிடுகிறது. கைரேகையும் தலைமுடியும் யார் கதையிலும் கிடைக்கும். இது அவர் கதையில் மட்டும்தான் கிடைக்கும்.

3. எதிராளி வசதியும் மூளையும் உள்ளவனாக இருக்கட்டும். நோஞ்சானோடு மல்லுக்கட்டினால் யாருக்குப் பெருமை?

4. நாயகனின் வீட்டுக்குள் அடிக்கடி போகாதீர்கள். கொலம்போ ஓயாமல் பேசும் அவர் மனைவியை அந்தத் தொடரில் ஒருமுறைகூட நாம் பார்த்ததில்லை. கசங்கிய மழைக்கோட்டு, நடிகர் பீட்டர் ஃபால்க் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அவ்வளவு போதும். இப்போது வரும் துப்பறிவாளர்களுக்கோ விவாகரத்து, குடி, கெட்ட கனவு எல்லாம் முடிந்து மிச்ச நேரத்தில்தான் வழக்கு.

5. தற்செயலாகக் கிடைத்ததை விட்டுவிடாதீர்கள். கதவுவரை போய்விட்டு, இன்னொரு கேள்வி என்று கொலம்போ திரும்புவது உலகப் பிரசித்தம். தொடரை உருவாக்கிய லெவின்சனும் லிங்க்கும் முதலில் இதை நாடகமாக எழுதியபோது ஒரு காட்சி நீளம் போதவில்லை. ஆளை ஏற்கெனவே வெளியே அனுப்பியாயிற்று. மறுபடி தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு அவரைத் திரும்பி வரவைத்தார்கள்.

6. குறைவாக எழுதுங்கள். முதல் பருவத்தில் அவர்கள் தந்தது 7 கதைகள்தான். மற்ற வாரங்களில் அதே நேரத்தில் வேறு தொடர்கள் ஓடின. உங்களிடம் வாரம் ஐந்து நாளும் கேட்பார்கள். மறுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் சம்பளத்தையாவது கூட்டிக் கேளுங்கள்.