மின்சார டீசல் பம்பின் ஒயர்ப் பழுதைக் கண்டறியும் முறை

சரக்கு ஏற்றிச் செல்லச் சொந்த டீசல் வண்டி வைத்துள்ள சங்கங்களுக்கு இப்பாடம் பயன்படும். டீசல் வண்டியில் பம்புகள் இரண்டு உண்டு. தொட்டியிலிருந்து டீசலைக் கொணர்ந்து கொடுப்பது ஒன்று. அதனை மிகுந்த அழுத்தத்துடன் சிலிண்டர்களுக்குள் பீய்ச்சுவது மற்றொன்று. முன்னதை ஊட்டும் பம்பு என்றும், பின்னதை இன்ஜெக்‌ஷன் பம்பு என்றும் இங்கே குறிப்போம். ஊட்டும் பம்பு சில வண்டிகளில் எஞ்சின் விசையாலும், சிலவற்றில் மின்சாரத்தாலும் இயங்கும். பழைய பம்பு கெட்டபின் வெளிச்சந்தையில் மின்சாரப் பம்பு வாங்கிப் பொருத்துவது வழக்கம். அதன்பின் வண்டியின் இழுவை குன்றினால், பம்பின்மேல் பழி சுமத்துமுன் ஒயர்களைச் சோதித்தல் வேண்டும்.

இதில் அசட்டை கூடாது. பல இன்ஜெக்‌ஷன் பம்புகளுக்கு டீசலே மசகெண்ணெய். டீசலே சூட்டைத் தணிப்பதும். ஊட்டம் குறைந்தால் விலையுயர்ந்த அப்பம்பு தேய்ந்து கெடும். அமெரிக்காவில் 1998 நடுப்பகுதி முதல் 2002 வரை வெளிவந்த டாட்ஜ் ராம் வண்டிகளின் 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். அதிலுள்ள விபி44 என்னும் இன்ஜெக்‌ஷன் பம்பு, ஊட்டும் பம்பு சோர்ந்தால் தானும் கெட்டுவிடும் என்பது அவ்வண்டிக்காரர்கள் நன்கறிந்த விஷயம். ஆகவே, பலர் கூடுதல் திறனுள்ள மின்சாரப் பம்பை மாற்றிப் பொருத்தினர்.

அப்புதிய பம்பு அதிக மின்சாரம் இழுக்கும். எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் மெல்லிய ஒயர் அதைத் தாங்காது. எனவே ரிலே ஒன்றை இடையில் வைப்பர். மெல்லிய ஒயர் ரிலேயைத் தூண்டினால் போதும். பம்புக்குரிய மின்சாரம் பாட்டரியிலிருந்து நேரே பருத்த ஒயரில் வரும். ரிலேயில் 30 என்னும் முனைக்குப் பாட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாகவும், 87-லிருந்து பம்புக்கும் ஒயர் செல்லும். 86 தூண்டும் முனை. 85 எர்த் முனை. பம்பின் எர்த் ஒயர் பாட்டரியின் நெகட்டிவ் முனையை அடைந்தால்தான் சுற்று நிறைவுறும்.

இனி முக்கியமான விதிக்கு வருவோம். பம்பு ஓடும்போதே சுற்றைச் சோதிக்க வேண்டும். காரணத்தைக் கணக்கால் அறியலாம். துருப்பிடித்த இணைப்பொன்றில் 0.2 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 4 வாட் சோதனை விளக்கு 12 வோல்ட்டில் சுமார் 0.33 ஆம்பியர்தான் இழுக்கும், இழப்பு 0.07 வோல்ட்; விளக்கு நன்றாகவே எரியும். 10 ஆம்பியர் இழுக்கும் பம்புக்கோ அதே இணைப்பில் 2 வோல்ட் போய்விடும். விளக்கு எரிகிறது, பம்பு சோர்கிறது என்னும் புதிரின் விடை இதுவே.

சோதனை முறை வருமாறு:

முதலாவது, ஃப்யூஸைப் பாருங்கள். மாற்றியவுடன் மீண்டும் எரிந்தால், ஒயரின் மேலுறை தேய்ந்து சேஸிஸைத் தொடுகிறதா என்று தேடுங்கள்.

இரண்டாவது, சாவியைத் திருப்பும்போது ரிலே "டிக்" என ஒலிக்கிறதா எனக் கேளுங்கள். ஒலியில்லையேல் 85, 86 முனைகளில் குறை தேடுக. எஞ்சின் கிளம்பாதபோது கட்டுப்பாட்டுப் பெட்டி பம்பைச் சில நொடிகள் ஓட்டி நிறுத்திவிடலாம்; அது பழுதன்று.

மூன்றாவது, எஞ்சினை ஓடவிட்டு, மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பாட்டரியின் பாசிட்டிவிலும், கறுப்பு முனையைப் பம்பின் பாசிட்டிவிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் இழந்த வோல்ட். எர்த் பக்கத்தையும் பம்பின் நெகட்டிவிலிருந்து பாட்டரியின் நெகட்டிவ் வரை அவ்வாறே அளந்திடுக. 12 வோல்ட் வண்டியில் இரு பக்கமும் சேர்ந்து அரை வோல்ட்டுக்கு மிகாதிருத்தல் நலம்.

நான்காவது, இழப்பு மிகுதியாயின் ஃப்யூஸ், ரிலே, இணைப்பு என ஒவ்வொன்றாக இருபுறமும் அளந்து வாருங்கள். வோல்ட் குதிக்கும் இடமே பழுதுள்ள இடம். பெயின்ட் பூசிய சேஸிஸில் முடுக்கிய எர்த் பெரும்பாலும் குற்றவாளியாயிருக்கும்.

இணைப்புகள் யாவும் நன்றாயிருந்தும் இழப்பு குறையாவிடில் ஒயரின் பருமனே காரணம். 10 ஆம்பியர் செல்கையில், 5 மீட்டர் நீளச் செப்பு ஒயர் 0.75 சதுர மில்லிமீட்டராயின் 1 வோல்ட்டுக்கு மேல் இழக்கும், 2.5 ஆயின் சுமார் 0.35 வோல்ட்தான். வோல்ட் சரியாயிருந்தும் டீசல் அழுத்தம் இல்லையெனில், குறை மின்சாரத்தில் இல்லை. ஃபில்டர் அடைப்பையும் காற்றுக் கசிவையும் பாருங்கள்.

செய்யத்தகாதவை இரண்டு. எரிந்த ஃப்யூஸுக்குப் பதில் பெரியது போடலாகாது, ஒயரே எரியும். ரிலேயை நீக்கிப் பம்பைப் பாட்டரியுடன் நேரே இணைக்கலாகாது. விபத்தில் எஞ்சின் நின்றாலும் பம்பு டீசலைக் கொட்டிக்கொண்டேயிருக்கும். ஒயரைத் தொடுமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றவும் வேண்டும்.

பம்பு பொருத்திய அன்றே இரு பக்க இழப்பையும் அளந்து வண்டிப் பதிவேட்டில் எழுதி வைப்பது சங்கக் காரியதரிசியின் கடமை. ஆறு மாதத்துக்கொருமுறை அளந்து ஒப்பிட்டால், நூல் மூட்டையோ தக்காளிக் கூடையோ நடுவழியில் நிற்குமுன் பழுது தெரிந்துவிடும். வண்டி அங்கத்தினர்களின் பங்குப் பணத்தில் வாங்கியது. அதன் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கும் உரிமையும் அவர்களுடையதே.