வேலி மரமாகும் முன்னே

வேலியே பயிரை மேய்ந்த கதையை நாம் பழமொழியாகக் கேட்டிருக்கிறோம். இடுப்பளவு வேலி என்றெண்ணி நட்ட செடி, சில ஆண்டுகளில் மரமாகி நின்று பயிரின் வெயிலையும் நீரையும் பறிக்கும்போது, அப்பழமொழி நம் வரப்பிலேயே மெய்யாகிவிடுகிறது. நிழல் அண்டை நிலத்தில் விழுமாயின், அங்குத் தோன்றும் மனக்கசப்பு ஊராட்சி மன்றம் வரையில் வருவதும் உண்டு.

இவ்வாறு நேர்வது ஏன்? வேலிக்கென நாம் நடுவனவற்றுட் பல இயல்பில் மரங்களே. கிளைரிசிடியா 30 அடிக்கு மேலும் வளரவல்லது. சூபாபுல் எனப்படும் சவுண்டலில் குட்டை வகை 15 அடியளவில் நிற்கும். நெட்டை வகையோ 50 அடியையும் எட்டும். எந்த வகை என்று கேளாமல் விதை வாங்குவதே தவற்றின் தொடக்கம். கரூர், திருப்பூர் வட்டாரக் கொறங்காடுகளில் கிளுவை வேலிகள் மேய்ச்சல் நிலத்தை நெடுங்காலமாகக் காத்து வருகின்றன. காலந்தோறும் கழித்து ஒழுங்குசெய்யும் வழக்கமே அவற்றை வேலியாக நிறுத்தி வைத்துள்ளது.

ஆகவே, நடுமுன் செடி முழுமையாக வளர்ந்தால் எவ்வளவு இடம் கொள்ளும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிணறு, வீட்டுச் சுவர், வண்டிப்பாதை, மின்கம்பி ஆகியவற்றிற்கு அருகில் நடலாகாது.

செடி வேர்பிடித்துத் தண்டு உறுதிப்பட்டதும், மூன்று அல்லது நான்கடி உயரத்தில் தலையை வெட்டிவிட வேண்டும். பக்கக்கிளைகள் நெருங்கி வளர்ந்து வேலி அடர்த்தியாகும். பின்னர் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை கழித்து வரலாம். அடிப்பகுதி அகன்றும் மேற்பகுதி குறுகியும் இருக்குமாறு கழித்தால் அடித்தழைக்கும் வெயில் கிட்டும். வேலியில் சந்து விழாது. கூரிய அரிவாளால் சாய்வாக வெட்டினால் வெட்டுவாயில் நீர் தங்காது.

முன்னமே ஓங்கிவிட்டதை என்செய்வது? கிளைரிசிடியாவும் சவுண்டலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் தன்மையுடையவை. கடுங்கோடையைத் தவிர்த்து, மழையை ஒட்டிய நாட்களில் அவற்றைக் குட்டையாக வெட்டலாம். ஒரே நாளில் வேலி முழுவதும் திறந்துவிடாதபடி பகுதி பகுதியாக வெட்டுவது நன்று. மின்கம்பியைத் தொடும் கிளையை நாமே வெட்ட முனையலாகாது. மின்வாரியத்தாருக்கு அறிவித்தல் வேண்டும்.

கழித்த தழை வீணாவதில்லை. கிளைரிசிடியாத் தழையை நடவுக்கு முன் சேற்றில் மிதித்தால் நல்ல தழையுரம். சவுண்டல் தழை ஆடுமாடுகளுக்குப் புரதம் மிக்க தீவனம். எனினும் அதில் மைமோசின் என்னும் நஞ்சு இருத்தலின், மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் புல்லோடு கலந்தே இடல் வேண்டும். குதிரை, பன்றி, முயல் ஆகியவற்றிற்கு அது ஆகாது; முடி உதிர்ந்துவிடும்.

இன்னொன்றை மறத்தலாகாது. சவுண்டலின் காய் முற்றுமுன் வெட்டிவிட வேண்டும். உதிர்ந்த விதை மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடிருந்து புறம்போக்கெங்கும் முளைக்கும். சீமைக்கருவேலின் நெற்றைத் தின்ற கால்நடைகள் அதன் விதையை ஊரெங்கும் பரப்பியதையும், ஏரிகள் புதர்க்காடானதையும் நாம் கண்கூடாகக் கண்டோம். அதனை வேலிக்கென இனி நடவே கூடாது.

ஊராட்சி உறுப்பினர்கள் பொதுப்பாதை ஓரங்களையும் பள்ளி வேலிகளையும் மழைக்கு முன் ஒருமுறை சுற்றிப் பார்த்து, ஓங்கியவற்றைக் கழிக்க ஏற்பாடு செய்வார்களாக. விரல் பருமனில் ஒரு வீச்சில் முடியும் வேலை, மரமான பின் கோடரியும் கூலியும் கேட்கும். சில வேளைகளில் அண்டையார் நட்பையும் கேட்கும்.