அங்கோரா முயலின் ரோமத்தைப் பேணல்

அங்கோரா முயலின் ரோமம் மாதந்தோறும் சுமார் 1 அங்குலம் வளரும். வாராது விடின் சடையாகும். முயல் தன் மேனியைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணியாதலின், உதிர்ந்த ரோமத்தை விழுங்கிவிடும். பூனை அதனைக் கக்கிவிடும். முயலுக்கோ வாந்தியெடுக்க இயலாது. உலர்ந்த புல் போதிய அளவு கிடையாவிடில் ரோமம் இரைப்பையில் தங்கி, முயல் தீனியை மறுத்து, ஓரிரு நாளில் மடியவுங் கூடும். ஆகவே ரோமம் உதிருங் காலத்தில் தினந்தோறும் வாரிவிட்டு, புல்லை ஏராளமாக இடுக.

அழுக்கைக் கண்டவுடன் தண்ணீரில் முழுக்காட்டுவோர் பலர். இது பெரும் பிழை. நனைந்த முயல் குளிரினாலும் அச்சத்தினாலும் நலிவுறும். அழுக்குப்பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துக. தோல் மிக மெல்லியது; சடையை இழுத்துக் கத்தரித்தலாகாது. வாலடியில் பிழுக்கை ஒட்டியிருப்பின் ஈ முட்டையிட்டு, ஒரே நாளிற் புழு வைத்துவிடும். வெயிற்காலத்தில் காலையும் மாலையும் அவ்விடத்தைத் தவறாது பார்வையிடுக.