ஒரு இளம் ஆட்டக்காரரை எடை போடுவது எப்படி?
(கூடைப்பந்து - ஓர் ஆய்வு)



நம் ஒர்க்ஷாப்பில் ஒரு ஜாப் முடிந்ததும் வெர்னியர் காலிபரை வைத்து அளந்து, சரி, தப்பு என்று சொல்லிவிடுகிறோம். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை அப்படி அளந்து, "இவன் தொழில்முறை ஆட்டக்காரனாக வருவான்" என்று சொல்ல முடியுமா? அமெரிக்காவின் என்.பி.ஏ. அணிகள் வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் இந்த வேலையைத்தான் செய்கின்றன. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்வு செய்யும்.

இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது 'விங்' ஆட்டக்காரர்களை மட்டும். மைதானத்தின் இரு பக்கவாட்டிலும் நின்று ஆடுபவர்கள் இவர்கள். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரைத் தடுக்கவும் வேண்டும், தூரத்திலிருந்து கூடைக்குள் போடவும் வேண்டும். இரண்டும் தெரிந்தவர் கிடைப்பது அபூர்வம்.

எதை அளக்கிறார்கள்?

1. உடல்: உயரத்தைவிட விரித்த கைகளின் நீளம் முக்கியம். பந்தைத் தடுப்பது தலை அல்ல, கை!

2. மூன்று புள்ளி எறிதல்: என்.பி.ஏ.யில் இந்தக் கோடு வளையத்திலிருந்து 23 அடி 9 அங்குலம். மூலைகளில் 22 அடி. ஆனால் ஒரு சீசன் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. 80 முறை எறிந்து 24 விழுந்தால் 30 சதவீதம். இன்னும் ஆறு பந்து உள்ளே போயிருந்தால் 37.5 சதவீதம். ஆறே பந்தில் 'சுமார்' ஆட்டக்காரர் 'நல்ல' ஆட்டக்காரர் ஆகிவிடுகிறார் பாருங்கள்!

3. ஃப்ரீ த்ரோ: 15 அடி தூரம், தடுக்க ஆள் கிடையாது, எல்லோருக்கும் ஒரே நிலைமை. நம் லேப் சோதனை மாதிரி. கையின் பழக்கம் இதில் தெரியும் என்பார்கள்.

4. வயது: இளையவருக்கு வளர இடம் அதிகம்.

இரண்டு பேர், ஒரே கணக்கு

இப்போது இரண்டு பேரைப் பார்ப்போம். இருவரும் 6 அடி 7 அங்குலம்.

முதலாமவர் காவாய் லியோனார்ட், சான் டியாகோ ஸ்டேட். விரித்த கை 7 அடி 3 அங்குலம். கடைசிக் கல்லூரி சீசனில் மூன்று புள்ளி 29.1 சதவீதம், ஃப்ரீ த்ரோ 75.9 சதவீதம். 2011 டிராஃப்டில் 15-வது இடம். அதாவது 14 பேரை எடுத்த பிறகுதான் இவர் பெயர் வந்தது.

இரண்டாமவர் மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட், கென்டக்கி. விரித்த கை 7 அடி. மூன்று புள்ளி 25.5, ஃப்ரீ த்ரோ 74.5. அந்த வருஷம் அவர் அணி கல்லூரி சாம்பியன். வயது 18 தான். 2012-இல் இரண்டாவது இடத்திலேயே எடுத்துவிட்டார்கள்.

காகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. முடிவோ மலைக்கும் மடுவுக்கும்! லியோனார்ட் முதல் சீசனிலேயே மூன்று புள்ளியில் 37.6 சதவீதம் போட்டார். 2014-இலும் 2019-இலும் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். கிட்-கில்கிறிஸ்ட் நல்ல தடுப்பாளர்தான். ஆனால் தூர எறிதல் கடைசிவரை கைகூடவில்லை. 2020-ஓடு அவர் என்.பி.ஏ. ஆட்டம் முடிந்தது.

காரணம் என்ன?

லேத்தில் ஒரு ஜாப் அளவு தப்பினால் நாம் என்ன செய்வோம்? டூல் மழுங்கியிருக்கிறதா, மெஷின் பெட்டே தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். இரண்டிலும் அளவு ஒரே மாதிரி தப்பலாம். ஆனால் டூலைத் தீட்டிவிடலாம். பெட் தேய்ந்தால் பெரிய வேலை. எறிதலும் அப்படித்தான். சதவீதம் விளைவைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

லியோனார்டை இந்தியானா அணி தேர்வு செய்து, அன்றே சான் அன்டோனியோவுக்கு மாற்றிக்கொடுத்தது. பதிலுக்கு சான் அன்டோனியோ கொடுத்தது ஜார்ஜ் ஹில் என்ற நம்பகமான ஆட்டக்காரரை. அங்கே சிப் எங்கலாண்ட் என்ற எறிதல் பயிற்சியாளர் இருந்தார். லியோனார்ட் பந்தை விடும் நிலையை அவர் திருத்தினார். கை ஏற்றுக்கொண்டது. கிட்-கில்கிறிஸ்டுக்கோ எறிதலின் நடுவிலேயே ஒரு தடுமாற்றம். கை ஒரே கோட்டில் வரவில்லை. மார்க் பிரைஸ் என்ற பெரிய எறிதல் நிபுணரே சொல்லிக்கொடுத்தும் முழுசாகத் தீரவில்லை. 2015-இல் தோள் காயம் வேறு. உழைப்பில் அவரைக் குறை சொல்ல முடியாது. எந்த அளவுகோலும் காயத்தை முன்கூட்டிச் சொல்லாது.

ஆக, எடை போடும்போது கேட்கவேண்டிய கேள்வி "இன்று எவ்வளவு?" என்பது மட்டும் அல்ல. "குறை எங்கே இருக்கிறது? திருத்த முடியுமா? திருத்த ஆள் இருக்கிறார்களா?" இதுதான் முழுக் கேள்வி.

நமக்கு என்ன?

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். என்னையும் பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்துத்தான் இங்கே எடுத்தார்கள். நாளை இன்டர்வியூவிலும் ஒரு எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளக்காமல் எடுத்தால் சிபாரிசுதான் ஜெயிக்கும். ஆனால் ஒரே ஒரு முறை அளந்து முடிவு கட்டிவிடாதீர்கள் என்கிறேன்.

நம் டீமுக்கு முதலாம் ஆண்டுப் பையன்களை எடுக்கும் சீனியர்களே, இப்படிச் செய்து பாருங்கள். கை நீளத்தை அளங்கள். 100 ஃப்ரீ த்ரோ போடச் சொல்லி எண்ணுங்கள். முழங்கையையும் மணிக்கட்டையும் பக்கத்தில் நின்று கவனியுங்கள். ஒரே ஒரு திருத்தம் சொல்லிக்கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி 100 போடச் சொல்லுங்கள். முதல் எண்ணைவிட, இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் பையனைப் பற்றி அதிகம் சொல்லும்.

அந்த இரண்டு வாரம் கொடுக்காமல் யாரையும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்!

- இயந்திரவியல், இரண்டாம் ஆண்டு மாணவன்